முதல் பக்கத்து ரெண்டு வரி

புஷ்பம்: “உனக்கு வாய் உண்டா, இல்ல கை மட்டும்தானா?”... அதாக்கும் சார் என்கிட்ட மொதல்ல கேட்ட கேள்வி.

ஷீனா: அய்யோ! அக்கா என்ன சொன்னீங்க?

புஷ்பம்: என்னத்தச் சொல்ல? ரெண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

ஷீனா: கையவா?

புஷ்பம்: பின்ன? ஒம்பதாம் கிளாசோட நின்ன பிள்ள நான். பதினாறு வயசு. ஆளக் கண்டா கதவுக்குப் பின்னால போயி நிப்பேன். சார் விழுந்து விழுந்து சிரிச்சாரு. “கை போதும். வாய் எனக்கு உண்டு”ன்னு சொல்லி ஒரு கோடு போட்ட நோட்டத் தந்தாரு.

ஷீனா: ஞானாபரணம் சாருக்கு வாய் உண்டுன்னு ஊருக்கே தெரியுமே. எங்க அப்பா சொல்லுவாரு, அவரு பாறசாலையில மைக் இல்லாம பேசினா களியக்காவிளையில கேக்கும்ன்னு.

புஷ்பம்: கேக்கும். எங்க வீட்டுக் கோழி முட்டையிடாது அந்தச் சத்தத்தில. அடுத்த வீடுல்லியா... ஆனா அந்தத் தொண்ணூத்து நாலுல அவருக்கு எழுபத்தஞ்சு வயசு. கை நடுங்கத் தொடங்கியாச்சு. ஒரு டம்ளர் தண்ணி எடுத்தா பாதி வேட்டியில. எழுத ஆளு வேணும்.

ஷீனா: அப்ப இந்தப் புத்தகம் முழுக்க...

புஷ்பம்: அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினது. பதினோரு மாசம். ஆறு நோட்டு.

ஷீனா: “எல்லைக்கல்லுக்கு மேற்கே”. இருநூத்திப் பன்னெண்டு பக்கம். எல்லாம் அக்கா கை!

புஷ்பம்: மெல்லப் பேசு பிள்ளே. ஆராவது கேப்பாங்க.

ஷீனா: இஞ்ச ஆரு கேக்க? வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த மியூசியத்துக்கு ஒரு பூனையும் ஒரு பாட்டாவும் வரும். பூனை வந்துட்டுப் போயாச்சு.

புஷ்பம்: பாட்டான்னா... சதாசிவன் மாமாவா?

ஷீனா: அவருதான். மூணரைக்கு இறங்குவாரு, காஞ்சிரங்குளத்தில இருந்து வாற பஸ்ஸில. மகள் வீட்டிலல்லியா இப்ப. எண்பத்தேழு வயசு... ஒரு வெள்ளிக்கிழமை தவறாது. நேரா இந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால வந்து நிப்பாரு. அவரு தந்த புத்தகந்தானே இது. முதல் பக்கத்தத் திறந்து வச்சிருக்கோம்ல, அதப் பாத்துக்கிட்டே நிப்பாரு. பெறவு போயிருவாரு.

புஷ்பம்: ம்... மணி என்னாச்சு?

ஷீனா: மூணே கால். அவசரமா?

புஷ்பம்: பனச்சமூட்டில கடைய பாதி ஷட்டர் இறக்கி வச்சுட்டு வந்திருக்கேன். பள்ளிக்கூடம் திறக்கப் போவுது. முப்பது யூனிஃபார்ம் வெட்டிக் கிடக்கு, பட்டன் வைக்கணும். நீ என்னத்துக்குக் கூப்பிட்டேன்னு சொன்னா நான் போவேன்.

ஷீனா: சீட்டுக்காக்கும். ஒவ்வொரு சாமானத்துக்கும் பக்கத்தில ஒரு விவரச் சீட்டு வைக்கிறோம். மலையாளத்தில. வாற ஆளுவள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மலையாளந்தானே வாசிக்கத் தெரியும்?

புஷ்பம்: செரி. எழுது. “ஞானாபரணம் சார், எல்லைப் போராட்டத்தில நின்ன தலைவர், தன் கதைய எழுதின புத்தகம். அவரே கையொப்பம் போட்டது.” தீந்துது.

ஷீனா: அது எழுதியாச்சு. கூட, முதல் பக்கத்தில அவரு கைப்பட எழுதினதையும் அப்படியே மலையாளத்தில போடணும்...

புஷ்பம்: அது என்னத்துக்கு?

ஷீனா: பாக்கிற ஆளுக்கு என்ன எழுதியிருக்குன்னு தெரிய வேண்டாமா?

புஷ்பம்: வேண்டாம். நான் ஒண்ணு சொல்லட்டா? அம்பத்தொண்ணாம் பக்கத்தத் திறந்து வை. நல்ல பக்கமாக்கும். சார் ஒளிஞ்சு இருந்தப்ப ஒரு ஆடு அவரு எழுதி வச்ச நோட்டீச முழுக்கத் தின்ன கதை. பிள்ளைய எல்லாம் சிரிக்கும்.

ஷீனா: கையொப்பம் முதல் பக்கத்திலல்லியா இருக்கு? ஆடு கையொப்பம் போட்டுதா?

புஷ்பம்: வாயாடி.

ஷீனா: சொல்லுங்கக்கா. அவரு எப்படி எழுதச் சொல்லுவாரு? நடந்துக்கிட்டா, இருந்துக்கிட்டா?

புஷ்பம்: நடந்துக்கிட்டு. ஒரு பக்கம் காந்தாரிமிளகு வச்ச மரச்சீனிக் கிழங்கு, ஒரு பக்கம் பால் விடாத கட்டஞ்சாயா. சன்னல்ல இருந்து கதவு வரைக்கும் நடப்பாரு, கதவில இருந்து திரும்புவாரு. பழைய பொதுக்கூட்டம் எதையாவது சொல்லும்போது கைய வீசி, முன்னால ஆயிரம் பேரு இருக்கிற மாதிரி. முடிச்சுட்டு என்ன சொல்லுவாரு தெரியுமா? “எழுது, பலத்த கைதட்டல்.”

ஷீனா: அதையும் எழுதினீங்களா!

புஷ்பம்: எழுதினேன். நாலு இடத்தில. அச்சாபீசுக்காரரு மூணு இடத்தில வெட்டிட்டாரு. ஒண்ணு இப்பவும் உண்டு, நூத்தி எட்டாம் பக்கம்... சிரிக்காத. நல்ல மனுஷன். என்கிட்ட ஒரு நாளும் நீ ஏன் பள்ளிக்கூடத்த விட்டேன்னு கேக்கல்ல. மத்த எல்லாரும் கேட்டாங்க.

ஷீனா: ஏன் விட்டீங்க?

புஷ்பம்: பாத்தியா, நீயும் கேக்கிய.

ஷீனா: சும்மா கேட்டேன்...

புஷ்பம்: டீச்சர் எழும்பி நின்னு வாசிக்கச் சொல்லுவாங்க. எனக்கு எழுத்தெல்லாம் தெரியும். சத்தம் வராது. நாலு தடவ, அஞ்சு தடவ... பிள்ளைய சிரிக்கும். ஒரு நாள் பாதி வழியில திரும்பி வீட்டுக்கு வந்துட்டேன். அவ்வளவுதான் படிப்பு.

ஷீனா: பெறவு வீட்டில என்ன செய்வீங்க?

புஷ்பம்: நோட்டில எழுதுவேன். ஆருக்கும் காட்ட மாட்டேன். அரிசிப்பானைக்கு அடியில வைப்பேன். எங்க அம்மா ஒரு நாள் அதப் பாத்துட்டுத்தான் சாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா... இது என்ன, பெட்டியில இஞ்ச ஏதோ ஒட்டிப் பறிச்ச அடையாளம்?

ஷீனா: அது... நம்பர் ஒட்டியிருந்தது.

புஷ்பம்: நம்பர் அந்த மூலையில இருக்கே.

ஷீனா: பழைய நம்பர் அக்கா. நீங்க தையல்காரின்னு எல்லாத் தையலையும் பிரிச்சுப் பாக்காதீங்க. சொல்லுங்க, சீட்டில முதல் பக்கத்தப் போட்டா என்ன குறைஞ்சு போவும்?

புஷ்பம்: நீ அந்தப் பக்கத்த வாசிச்சியா?

ஷீனா: வாசிச்சேன். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சபையில வேதப்புத்தகம் வாசிச்சுப் படிச்சது.

புஷ்பம்: என்ன எழுதியிருக்கு?

ஷீனா: “சதாசிவனுக்கு.” கீழ, “தே. ஞானாபரணம்.” ரெண்டே வரி. கை நடுங்கி நடுங்கி...

புஷ்பம்: அதாக்கும் காரியம்.

ஷீனா: புரியல்ல.

புஷ்பம்: கதவப் பாதி சாத்து.

ஷீனா: ஆரும் இல்லக்கா.

புஷ்பம்: சாத்து மக்கா... செரி. அம்பத்து நாலாம் வருஷம் ஒரு ஊர்வலம் நடந்துது. இந்தத் தெக்குப் பக்கம் எல்லாம் தமிழ்நாட்டோட சேரணும்ன்னு. சார் முன்னால, கொடியும் பிடிச்சுக்கிட்டு. பக்கத்தில சதாசிவன் மாமா. பதினேழு வயசு, தறியில இருந்து எழும்பி வந்த பையன். போலீஸ் அடிக்க வந்தாச்சு. சார் கொடியை மாமா கையில கொடுத்துட்டு மதிலு ஏறிச் சாடிட்டாரு.

ஷீனா: ஓடிட்டாரா!

புஷ்பம்: ஓடிட்டாரு. மாமா நின்னாரு. இடது காது அன்னைக்குப் போனது. எட்டு மாசம் ஜெயிலு. பெறவு எல்லைக் கோடு களியக்காவிளையில விழுந்துது, நம்ம ஊரு இந்தக் கேரளாப் பக்கம் கிடந்தாச்சு. அது வேற. ஆனா இவங்க ரெண்டு பேரும் நாப்பது வருஷம் பேசல்ல. ஒரே சந்தை, ஒரே பஸ் ஸ்டாப்பு. ஒருத்தரு வந்தா மத்தவரு ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயிருவாரு.

ஷீனா: புத்தகத்தில அதப் பத்தி...

புஷ்பம்: அறுபத்து மூணாம் பக்கம். “அன்று நான் தனியாக நின்றேன்.”

ஷீனா: அய்யே!

புஷ்பம்: அவரு சொன்னாரு, நான் எழுதினேன். என் கைதான் எழுதினது... அது எழுதின நாளு எனக்கு நல்ல ஓர்ம உண்டு. அவரு நடக்கிறத நிறுத்திட்டாரு. சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, “சதாசிவன்”ன்னாரு. நான் எழுதினேன். அவரு பேசல்ல. மரச்சீனி ஆறிப் போச்சு. சாயா ஆறிப் போச்சு. ஒரு அரை மணிக்கூறு இருக்கும். பெறவு, “அந்தப் பேர வெட்டிரு”ன்னாரு. வெட்டினேன். “நான் தனியாக நின்றேன்னு எழுது”ன்னாரு.

ஷீனா: புத்தகத்தில சதாசிவன் பாட்டா பேரே இல்லியா?

புஷ்பம்: இருநூத்திப் பன்னெண்டு பக்கத்தில ஒரு இடத்திலயும் இல்ல. அச்சாகி வந்தப்ப சார் எல்லாருக்கும் கையொப்பம் போட்டுக் கொடுத்தாரு. கடைசியில ஒண்ணு எடுத்து, ரொம்ப நேரம் வச்சுக்கிட்டு இருந்து, அந்த ரெண்டு வரிய எழுதினாரு. “கொண்டு கொடு”ன்னாரு. என் முகத்தப் பாக்கல்ல.

ஷீனா: அக்கா கொண்டு போனீங்களா?

புஷ்பம்: போனேன். மாமா தறிக்குழியில இருந்தாரு. புத்தகத்த வாங்கினாரு. திறந்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. பெறவு என்கிட்ட நீட்டி, “கண்ணாடி எடுக்கல்ல மக்கா, நீ வாசி”ன்னாரு... கண்ணாடி சட்டைப் பையிலதான் இருந்துது.

ஷீனா: ம்.

புஷ்பம்: அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது ஷீனா. மலையாளப் பள்ளிக்கூடத்தில நாலாம் கிளாசு வரைக்கும் படிச்ச ஆளு. தமிழுக்காக ஜெயில்ல கிடந்தவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதுன்னா ஊரு சிரிக்காதா? அதனால ஆருகிட்டயும் சொல்லல்ல. இன்னைக்கு வரைக்கும் நான் மட்டும்தான்... நீ என்ன, ஆச்சரியப்படல்லியே?

ஷீனா: பட்டேனே. உள்ள பட்டேன்.

புஷ்பம்: ம்ம்... நான் அந்தப் பக்கத்தப் பாத்தேன். பேரு, கையொப்பம். அவரு முகத்தப் பாத்தேன். நல்ல காத என் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு இருக்காரு. நாப்பது வருஷம் பிள்ளே. அந்த ரெண்டு வரிய வாசிச்சுட்டு நான் எப்படி எழும்பி வர?

ஷீனா: அப்ப என்ன செய்தீங்க?

புஷ்பம்: அந்தப் பேர வெட்டச் சொன்ன நாளு, வீட்டுக்குப் போயி என் நோட்டில நான் எழுதி வச்சிருந்தேன். அவரு அந்த அரை மணிக்கூறில என்ன சொல்ல நினைச்சிருப்பாருன்னு. சும்மா, எனக்காக... அது எனக்கு மனப்பாடம். அத வாசிச்சேன்.

ஷீனா: சத்தமாவா?

புஷ்பம்: சத்தமா. தறி நின்னுட்டுது. அது வரைக்கும் நான் ஒரு மனுஷன் முன்னால வாயத் திறந்து வாசிச்சதில்ல.

ஷீனா: அக்கா...

புஷ்பம்: மறுநாளு மாமா நேரா சாரு வீட்டுக்குப் போனாரு. நானும் பின்னாலயே ஓடினேன். ரெண்டு பேரும் பேசினா வெளிய வந்துருமே! கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். என்ன பேசினாங்க தெரியுமா? மரச்சீனி வில. மழை. பெறவு மாமாவுக்கு ஒரு பல்லு வலி, அதப் பத்தி முக்கால் மணிக்கூறு.

ஷீனா: அவ்வளவுதானா?

புஷ்பம்: அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தப் பத்தி ஒரு வார்த்த இல்ல. பெறவு தினமும் போனாரு. கிறிஸ்துமசுக்கு முந்தி சார் போயாச்சு. சவப்பெட்டியத் தூக்கினதில முன்னால வலது பக்கம் மாமாவாக்கும்... இப்பச் சொல்லு. நீ அந்தச் சீட்ட மலையாளத்தில எழுதி இஞ்ச வச்சா என்ன ஆவும்?

ஷீனா: பாட்டா வாசிப்பாரு.

புஷ்பம்: வாசிப்பாரு. எண்பத்தேழு வயசில. “சதாசிவனுக்கு, ஞானாபரணம்.” அவ்வளவுதான்னு தெரியும். அந்த மனுஷன் இத்தனை வருஷமா நெஞ்சில வச்சுக்கிட்டு இருந்தது ஒரு தையல்காரி சொன்ன பொய்யின்னு தெரியும்... நான் உன் காலப் பிடிச்சுக் கேக்கேன் மக்கா.

ஷீனா: காலெல்லாம் பிடிக்காதீங்க. அங்க... பஸ்ஸு வந்தாச்சு போல.

புஷ்பம்: நான் போறேன். பின்வாசல் உண்டா?

ஷீனா: உண்டு. பூட்டு. சாவி என்கிட்ட இல்ல.

சதாசிவன்: என்ன பிள்ளே, கதவு பாதி சாத்தியிருக்கு? மியூசியத்தையும் மியூசியத்தில வச்சாச்சா?

ஷீனா: வாங்க பாட்டா. மழையா?

சதாசிவன்: தூத்தல். இந்தப் பக்கம் வந்து பேசு, அந்தக் காது பென்ஷன் வாங்கியாச்சு... இது ஆரு? புஷ்பமா?

புஷ்பம்: ஆமா மாமா.

சதாசிவன்: நரைச்சுப் போனியே!

புஷ்பம்: நீங்க மட்டும் கருத்தா இருக்கீங்களோ?

சதாசிவன்: ஓ, இப்ப வாயெல்லாம் உண்டு! அன்னைக்கு ஒரு பிள்ள புத்தகத்த நெஞ்சில இறுக்கிக்கிட்டு வந்து நின்னுது, ஷீனா. நான் அது ஊமைன்னு நினைச்சேன். பெறவு வாசிச்சா பாரு... கோயில்ல மணி அடிச்ச மாதிரி. கட எப்படி நடக்கு?

புஷ்பம்: நடக்கு மாமா. போணும். பட்டன் வைக்கக் கிடக்கு.

சதாசிவன்: பட்டன் ஓடிப் போவாது. ஷீனா, அந்தப் பெட்டியத் திற.

ஷீனா: திறக்கக் கூடாது பாட்டா, சட்டம்...

சதாசிவன்: நான் தந்த புத்தகம், நான் பாத்துக்கிறேன். திற மக்கா.

ஷீனா: இந்தாங்க... மெதுவா. பக்கம் பொடியுது.

சதாசிவன்: என் கையில வேண்டாம். அவ கையில கொடு.

புஷ்பம்: என் கையிலயா?

சதாசிவன்: நான் கண்ணாடி எடுக்கல்ல. நீ வாசி.

புஷ்பம்: மாமா... ஷீனா வாசிப்பாளே, அவ படிச்ச பிள்ள.

சதாசிவன்: ஷீனா வேண்டாம். நீ வாசி. முதல் பக்கம்.

புஷ்பம்: முதல் பக்கமா?

சதாசிவன்: இரி, நான் இந்தக் காதத் திருப்பி வைக்கட்டு. ம். வாசி.

புஷ்பம்: “சதாசிவனுக்கு... அன்றைக்கு என் கையிலிருந்த கொடியை நீ வாங்கிக்கொண்டாய். நான் மதிலைத் தாண்டிவிட்டேன். அந்தப் பக்கம் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கொடி விழவில்லை. இந்தப் புத்தகத்துக்குள் உன் பெயரை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுகிறேன். நின்றது நீ. ஓடியது நான்...”

சதாசிவன்: கடைசி ரெண்டும் இன்னொரு தடவ.

புஷ்பம்: “நின்றது நீ. ஓடியது நான்.”

சதாசிவன்: ம்.

புஷ்பம்: மாமா, நான் ஒரு காரியம் சொல்லணும். முப்பது வருஷமா சொல்லணும்ன்னு... இது சார் வந்து... மாமா? இஞ்ச பாருங்க. இந்தப் பக்கத்தில...

ஷீனா: அக்கா, விடுங்க.

புஷ்பம்: மாமா, நில்லுங்க! நான் சொல்லது கேக்குதா? ஷீனா, எந்தக் காது அது?

ஷீனா: இடது. கேக்காத காத உங்க பக்கம் திருப்பிட்டுத்தான் நடக்காரு.

புஷ்பம்: குடைய வச்சுட்டுப் போறாரே! மாமா... மாமா! திரும்பியே பாக்கல்ல. ஒரு வார்த்த சொல்லல்லியே பிள்ளே. மத்த நாளும் இப்படியா போவாரு?

ஷீனா: மத்த நாளு “வாறேன் மக்கா”ன்னு சொல்லுவாரு.

புஷ்பம்: நான் சொல்ல வந்தது அவருக்கு விளங்கியிருக்குமோ... ஷீனா, அந்தச் சீட்ட மட்டும் வைக்காத. அவரு இருக்கிற காலம் வரைக்கும் போதும். பெறவு நீ என்ன வேணும்னாலும் எழுதி ஒட்டு. மலையாளம்ன்னா அவரு ஒரு எழுத்து விடாம வாசிச்சுருவாரு.

ஷீனா: வாசிச்சாச்சு அக்கா. போன வெள்ளிக்கிழமையே நான் ஒட்டிட்டேன். சட்டைப் பையில இருந்து கண்ணாடிய எடுத்துப் போட்டு ரெண்டு தடவ வாசிச்சாரு. பெறவு அவரே நகத்தால அதப் பறிச்சு என் கையில தந்துட்டு, “அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தையல்காரப் பிள்ளைய வரச் சொல்லு, எனக்கு ஒரு தடவ கூடக் கேக்கணும்”ன்னு சொன்னாரு.